ஆறு ஆண்டுப் பவளத் தொட்டி: எந்த மீன் எதோடு ஒத்துப்போனது

கடல்மீன்களும் உயிர்ப்பவளமும் வளர்க்கும் 4 அடி நீளத் தொட்டி, ஏறக்குறைய 330 லிட்டர். ஓட ஆரம்பித்து 6 ஆண்டு ஆகிறது. இதுவரை 20 மீன்களை உள்ளே விட்டிருக்கிறேன். இன்று இருப்பவை 9. மீதியில் 5 இறந்தன, 6-ஐ நானே பிடித்து வேறு தொட்டிகளுக்குக் கொடுத்துவிட்டேன். தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. உப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25-26 டிகிரி, இரண்டும் நிலையாகவே இருந்தன. பெரும்பாலும் எனக்குத் தவறியது கூட்டாளித் தேர்வில்தான்.

எந்த மீனை எதோடு விடலாம் என்று காட்டும் பொருத்த அட்டவணையில் மீன் பெயருக்கு நேரே பச்சை இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அந்தப் பச்சை இனத்தைப் பற்றி மட்டும் சொல்கிறது. யார் முதலில் உள்ளே வந்தது, எந்தப் பொந்து யாருடையது, வயது என்ன என்பதெல்லாம் அதில் வராது. "ரீஃப் சேஃப்" என்ற சொல்லும் அப்படித்தான். பவளத்தைக் கடிக்காது என்பதுதான் அதன் பொருள். பக்கத்து மீனை நிம்மதியாக இருக்க விடுமா என்பது வேறு கேள்வி.

முதலில் விட்டது 3 டாமினோ டேம்ஸல். கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள், விரல்நுனி அளவு. புதுத் தொட்டியைத் தாங்கும் என்றார்கள், தாங்கின. ஆனால் இந்த மீன் 13 செ.மீ. வரை வளரும், வளர வளர முரட்டுத்தனமும் ஏறும். முதலில் வந்ததால் தொட்டி முழுவதும் அவற்றின் எல்லை ஆகிவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு மீனும் அடி வாங்கியது. 8 மாதம் கழித்துப் பாறைகள் அத்தனையையும் வெளியே எடுத்துத்தான் பிடிக்க முடிந்தது. புதுத் தொட்டியின் நைட்ரஜன் சுழற்சிக்கு (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வளர்ந்து நிலைப்பதற்கு) மீனே தேவையில்லை, கொஞ்சம் அம்மோனியாவும் பொறுமையும் போதும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

அடுத்தது ராயல் கிராமா என்று நினைத்து வாங்கியது. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்தே பொந்தை விட்டு வெளியே வந்து எல்லோரையும் துரத்தியது. அது ராயல் டோட்டிபேக். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது: கிராமாவில் ஊதா மெல்ல மெல்ல மஞ்சளாக மாறும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கரும்புள்ளி இருக்கும், கண் வழியாக ஒரு கோடு ஓடும். டோட்டிபேக்கில் இரண்டு நிறமும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்திருக்கும், அந்தப் புள்ளியும் இருக்காது. அதைப் பொறி வைத்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு வாங்கிய அசல் கிராமா 4 ஆண்டாக என்னிடம் இருக்கிறது. தன் பொந்தருகே வருபவரிடம் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டும். அவ்வளவுதான், கடி கிடையாது.

பச்சை குரோமிஸ் 5 வாங்கினேன். கடலில் பெரிய கூட்டமாக வாழும் மீன், அதனால் கூட்டமாகவே இருக்கும் என்று நம்பினேன். தொட்டியில் நடந்தது வேறு. ஒன்று தலைமை எடுத்தது, மிகவும் எளியது மூலைக்கு ஒதுங்கி இறந்தது. பிறகு அடுத்த எளியது. 14 மாதத்தில் 5 என்பது 1 ஆனது. பலருடைய அனுபவமும் இதுவே. அந்த ஒன்று இன்றும் நன்றாக இருக்கிறது.

என்னை மிகவும் வருத்தியது சிக்ஸ்லைன் ராஸ். முதல் 5 மாதம் அருமையான மீன். தட்டைப் புழுக்களைத் தேடித் தின்றது. பிறகு யாரையும் விடவில்லை. அது துரத்தியதில்தான் ஃபயர்ஃபிஷ் தொட்டியிலிருந்து குதித்துக் காலையில் தரையில் கிடந்தது. ஃபயர்ஃபிஷ் பயந்தால் குதிக்கும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் மூடி போடாமல் இருந்தேன். அன்று மாலையே வலைமூடி போட்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு கோரல் பியூட்டி ஏஞ்சலைத் தனிமைப்படுத்தாமல் நேரே விட்டேன். கூடவே வெள்ளைப்புள்ளி நோயும் வந்தது. பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் செம்பு மருந்து போட முடியாது. எனவே எல்லா மீனையும் வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை கொடுத்து, பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட்டேன். ஒட்டுண்ணி தங்க ஆளில்லாமல் அழியத்தான் அந்த இடைவெளி.

கஷ்டமான காலம்தான், ஆனால் இந்தத் தொட்டிக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பும் அதுவே. யாரை எப்போது உள்ளே விடுவது என்பதை முதலிலிருந்து தீர்மானிக்க முடிந்தது. பாறைகளை மாற்றி அடுக்கினேன். சிக்ஸ்லைனையும், சோவாந்தஸ் என்ற பவள வகையைக் கொத்திக்கொண்டிருந்த ஏஞ்சலையும் திருப்பி விடவில்லை. முதலில் வாட்ச்மேன் கோபி, அப்புறம் புதிதாக வாங்கிய கிராமாவும் ஒரு ஜோடி பாங்காய் கார்டினலும், கடைசியில்தான் குரோமிஸும் க்ளவுன் ஜோடியும். சாதுவானது முன்னே, அதிகாரம் செய்வது பின்னே. அன்றிலிருந்து யாருடைய துடுப்பும் கிழியவில்லை.

கோபியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் வாழ்கிறது. இறாலுக்குப் பார்வை மங்கல். அது மணலை அள்ளி வெளியே கொட்டும்போது ஒரு உணர்கொம்பு எப்போதும் கோபியின் மேல் பட்டுக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே. இதைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் அரை மணி நேரம் உட்கார்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: இறால் தோண்டிக்கொண்டே இருக்கும், பாறைகள் மணல்மேல் இல்லாமல் தொட்டியின் அடியிலேயே உட்கார வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் கோலே டாங், நான்காம் ஆண்டில் மாண்டரின். டாங் கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டும். மாண்டரின் நாள் முழுக்கக் கோபிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுயிரிகளைப் பொறுக்கும். சிக்ஸ்லைன் இருந்திருந்தால் அதே கோபிபாட்களை அதுவும் தின்றிருக்கும். சண்டையே இல்லாமல் மாண்டரின் மெலிந்து இறந்திருக்கும். பொருத்தம் பார்க்கும்போது உணவுப் போட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியெங்கும் கோபிபாட்கள் ஊர்வது தெரிய வேண்டும், அதற்குப் பிறகே மாண்டரின் வாங்கினேன். சம்ப்பில், அதாவது கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில், கீட்டோ என்ற பாசி வளர்ப்பதும் கோபிபாட்கள் பெருகுவதற்காகவே.

க்ளவுன்களும் மாறியிருக்கின்றன. சிறியவையாக வாங்கியபோது இரண்டும் சாது. பெரியது பெண்ணாக மாறி முட்டையிட ஆரம்பித்ததும் தொட்டியின் இடது மூலை அதன் கோட்டை. டாங்கையும் துரத்தும், என் கையையும் கடிக்கும். மற்றவை அந்த மூலையை விட்டுக்கொடுத்துவிட்டன. 4 அடி இருப்பதால் அது முடிகிறது. 2 அடித் தொட்டியில் ஒதுங்க இடமே இருந்திருக்காது.

இப்போது ஒரு ஃபேரி ராஸ் தனித் தொட்டியில் இரண்டாம் வாரத்தில் இருக்கிறது. திறந்த நீரில் நீந்தி மிதவை உணவு தின்பது, மாண்டரினோடு போட்டி குறைவு. 4 வாரம் முடிந்ததும் துளையிட்ட ஒளிபுகும் பெட்டியில் வைத்துப் பெரிய தொட்டிக்குள் 5 நாள் தொங்கவிடுவேன். பழையவை பெட்டியை முட்டுவதை நிறுத்தினால் திறப்பேன். க்ளவுன் நேற்று மறுபடி முட்டையிட்டிருக்கிறது. 4 வாரம் முடியும்போதும் அந்த மூலையில் முட்டை இருந்தால், அது பொரியும்வரை காத்திருப்பேன்.