ஆயுள் கணக்குப் போடும் தளம்: ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண்

அப்பாவின் நாக்கு ஆபரேஷன் முடிந்து பயாப்சி ரிப்போர்ட் வந்ததும், தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான 'சர்வைவல் கால்குலேட்டர்' ஒன்றில் விவரங்களைப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த இலவசத் தளம். வயது, இனம், கட்டி இருக்கும் இடம், அளவு, நோய் பரவிய நெறிக்கட்டிகள் எத்தனை என்று கொடுத்தால், ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று வந்துவிடும்.

இடப் பட்டியலில் நாக்கு இரண்டு தடவை வருகிறது, கவனம். முன்நாக்கு என்றால் வாய்ப்புற்று. அடிநாக்கு என்றால் தொண்டைப் புற்று. பட்டியலில் அடிநாக்கைத் தொட்டால் எச்பிவி வைரஸ் உண்டா என்று கேட்கும். வைரஸால் வந்த தொண்டைப் புற்று சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். 2010-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வைரஸ் இருந்தவர்களில் 82 சதவீதம் பேர் மூன்றாண்டு தாண்டியிருந்தார்கள், இல்லாதவர்களில் 57. அப்பாவுக்கு வந்தது முன்நாக்கில், வெற்றிலையோடு போட்ட புகையிலையால். மாற்றித் தொட்டால் யாருடைய கணக்கோ வரும்.

பெரிய குறை, கட்டி உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று இது கேட்பதே இல்லை. அப்பாவின் கட்டி 1.8 செ.மீ. தளம் டி1 என்றது, அதாவது கட்டியின் முதல் படி. ஆழமோ 7 மி.மீ. 2018 முதல் நடப்பில் இருக்கும் முறைப்படி 5 மி.மீ. தாண்டினாலே டி2. நெறிக்கட்டிகளில் ஒன்றில் நோய் இருந்தது; ஆனால் அந்த நெறிக்கட்டியின் உறையைத் தாண்டி வெளியே வரவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கியதும் விரல் வைத்தது அந்த வரியில்தான். தாண்டியிருந்தால் கரண்டோடு, அதாவது கதிர்வீச்சோடு, கீமோவும் சேர்த்திருப்பார்களாம். இப்போது 30 தடவை கரண்ட் மட்டும். தளத்தில் உறை தாண்டியதா என்பதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. இனத்தில் 'ஆசியர்' என்று ஒரே வரி. ஜப்பான்காரரும் ஜெயங்கொண்டத்துக்காரரும் அதற்கு ஒன்றுதான்.

"என்னம்மா, பாஸா ஃபெயிலா?" என்றார் அப்பா. நூறு பேரில் எத்தனை பேர் என்றுதான் சொல்லும், நீங்கள் அதில் எந்தப் பக்கம் என்று சொல்லாது என்றேன்.

"புகையிலை போட்டியான்னு கேட்டானா?"

"கேட்கலைப்பா."

"அப்ப நல்ல ஆளுதான்."

தமிழில் இல்லை. போட்டதை அச்செடுக்கலாம், அது வசதி. நீங்களும் பார்ப்பதாக இருந்தால், ரிப்போர்ட்டில் ஆழம், உறை, வெட்டிய விளிம்பு (அங்கே நோய் மிச்சமிருக்கிறதா என்பது) மூன்றையும் அடிக்கோடிட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். சதவீதத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.