கார்டியாமொபைல்: கைக்கு அடக்கமான ஈசிஜி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப், பலருக்குத் தொடக்க ஆண்டுகளில் வந்து வந்து மறையும் தன்மை உடையது. நள்ளிரவில் நெஞ்சு படபடக்கும். விடிந்ததும் மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஈசிஜியைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டிக்கொண்டாலும், அந்த ஒரு நாளில் மட்டும் படபடப்பு எட்டிப் பார்க்காது. "டென்ஷன்தான், நன்றாகத் தூங்குங்கள்" என்ற அறிவுரையோடு வீடு திரும்பியவர்கள் நம்மில் ஏராளம். அமெரிக்காவின் அலைவ்கோர் நிறுவனம் தயாரிக்கும் கார்டியாமொபைல் இத்தகையவர்களுக்கான கருவி. எனக்கு ஏஎஃப் உறுதியான பிறகு இதை வாங்கினேன், இன்றும் பயன்படுத்துகிறேன். படபடப்பு என்ன என்று கண்டறிவதில் இது கொடுத்த காசுக்குக் குறைவைக்காது என்பது என் கருத்து. ஆனால் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் கேள்விகளில் மிக முக்கியமான ஒன்றுக்கு இதனிடம் பதில் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கருவி என்று சொல்வதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சூயிங்கம் பட்டை அளவுள்ள ஒரு துண்டு, அதன் மேல் இரண்டு உலோகத் தகடுகள். ஒயர் இல்லை, சார்ஜ் போடும் வேலையும் இல்லை; உள்ளே காசு வடிவ பேட்டரி இருக்கிறது. இடக்கை விரல்களை ஒரு தகட்டிலும் வலக்கை விரல்களை மற்றதிலும் வைத்தால், 30 விநாடியில் கைப்பேசித் திரையில் ஈசிஜி ஓடி முடிந்துவிடும். சாதாரண மாடல் ப்ளூடூத் வழியாக இயங்குவதில்லை. நம் காதுக்கு எட்டாத மீயொலியாகத் தகவலை அனுப்ப, அதைக் கைப்பேசியின் மைக் வாங்கிக்கொள்கிறது. ஆகவே கருவியைக் கைப்பேசிக்கு அருகிலேயே வைத்திருக்க வேண்டும். தடித்த உறை மைக்கை மூடியிருந்தாலும், பக்கத்தில் பெருஞ்சத்தம் இருந்தாலும் பதிவு கெட்டுப்போகலாம்.

சுத்தமான பதிவு கிடைப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. முழங்கை வரை இரண்டு கைகளையும் மேசைமேல் சாய்த்துத் தளர்வாக வைக்க வேண்டும். கையை அந்தரத்தில் பிடித்தால் தசையின் நடுக்கம் கோட்டில் புல் முளைத்ததுபோல் தெரியும். விரல் நுனி வறண்டிருந்தால் தண்ணீரில் லேசாக ஈரப்படுத்திக்கொள்ளலாம். கைப்பேசி சார்ஜரில் செருகியிருக்கும்போது எடுக்கக் கூடாது. செயலியின் அமைப்புகளில் மின் இரைச்சலை வடிகட்டும் எண் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 50 ஆக மாற்ற வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வயதான உறவினர் ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது, விரலை அழுத்திப் பிடிப்பதைத்தான் அவரால் கடைசிவரை விட முடியவில்லை. அழுத்தினால் நன்றாகப் பதியும் என்று தோன்றுவது இயல்பு; உண்மையில் மெல்லத் தொட்டாலே போதும்.

அந்த 30 விநாடிக்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவ வழிகாட்டுதல்களின்படி, ஒற்றை லீட் ஈசிஜியில், அதாவது இதயத்தை ஒரே கோணத்திலிருந்து பதிவுசெய்யும் ஈசிஜியில், குறைந்தது 30 விநாடி நேரம் ஏஎஃப் பதிவாகி, மருத்துவர் அதைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டால், அதுவே நோயை உறுதிசெய்யப் போதுமானது. பிரிட்டனில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், படபடப்புடன் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் ஒரு பிரிவினரிடம் இதே நிறுவனத்தின் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். 90 நாளில் அவர்களில் 56 விழுக்காட்டினருக்குப் படபடப்பின்போது இதயத் துடிப்பு எப்படி இருந்தது என்பது தெரிந்துவிட்டது. வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினருக்குக்கூட அது தெரியவில்லை. சிகிச்சைகளையும் கருவிகளையும் மதிப்பிடும் அந்நாட்டின் நைஸ் அமைப்பும், விட்டுவிட்டு வரும் ஏஎஃப் இருக்குமோ என்று சந்தேகிக்கப்படுவோருக்கு இதைப் பயன்படுத்தலாம் என 2022இல் பரிந்துரைத்தது.

பதிவு முடிந்ததும் செயலி ஒரு முடிவைச் சொல்கிறது: இயல்பு, ஏஎஃப் இருக்கலாம், வேகக் குறைவு, வேக மிகுதி, வகைப்படுத்த முடியவில்லை. கூடுதல் பகுப்பாய்வுகள் வேண்டுமென்றால் சந்தா கட்டச் சொல்லும். நான் கட்டவில்லை, தேவையும் ஏற்படவில்லை. 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்று படித்துவிடக் கூடாது. இடையிடையே முந்திக்கொண்டு விழும் துடிப்புகள் பலருக்கு உண்டு, பெரும்பாலும் தீங்கற்றவை. அவை அடிக்கடி வந்தால் செயலி குழம்பி ஏஎஃப் என்றோ வகைப்படுத்த முடியவில்லை என்றோ சொல்லிவிடும். அதேபோல 'இயல்பு' என்ற சொல் அந்த அரை நிமிடத்துக்கு மட்டுமே பொருந்தும். மாரடைப்பை இந்தக் கருவி கண்டுபிடிக்காது என்று நிறுவனமே செயலியில் எழுதி வைத்திருக்கிறது. நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் இவற்றில் எது வந்தாலும் கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இனி, இதனிடம் பதில் இல்லாத கேள்விக்கு வருகிறேன். ஏஎஃப் நோயில் நாம் அஞ்ச வேண்டியது படபடப்பை விடப் பக்கவாதத்தையே. மேலறை சரியாகச் சுருங்காததால் ரத்தம் தேங்கி உறைகிறது. இதய வால்வு நோய் இல்லாதவர்களிடம் இந்த ரத்த உறைகட்டிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இடது மேலறையோடு ஒட்டியிருக்கும் சிறு பைக்குள் உருவாகின்றன. அங்கிருந்து ஒரு துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஒருவருக்கு வேண்டுமா என்பதை, மாதத்தில் எத்தனை முறை படபடத்தது என்ற கணக்கை வைத்து முடிவு செய்வதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம், ரத்தக் குழாய் நோய் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுத்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். பெண் என்பதற்காகப் போடப்பட்டு வந்த ஒரு மதிப்பெண்ணை ஐரோப்பிய வழிகாட்டுதல் 2024இல் நீக்கிவிட்டது. இப்போது அதன்படி 2 அல்லது அதற்கு மேல் என்றால் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது, 1 என்றால் மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவெடுக்கலாம். ஆக, 70 வயதான, ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர், கார்டியாவில் தொடர்ந்து 'இயல்பு' என்று வருகிறதே என்று தாமாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்தான காரியம். இந்தக் கருவியை வாங்கியவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் இதை விடப் பெரியது எனக்குத் தோன்றவில்லை.

எந்த மாத்திரை என்பதும் இந்தக் கருவிக்குத் தெரியாது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கும், ரத்த அழுத்தத்தால் ஏஎஃப் வந்தவருக்கும் திரையில் தெரிவது ஒரே வாசகம்தான். எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்தால்தான் வேறுபாடு தெரியும், வேறுபாடும் சிறியதல்ல. இத்தகைய வால்வு நோய் இல்லாதவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரையான அபிக்ஸபான், பழைய மாத்திரையான வார்ஃபரினை விட நல்ல தேர்வு என்று 2011இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது: பக்கவாதமும் குறைவு, பெரிய ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் ருமாட்டிக் வால்வு நோயோடு ஏஎஃப் உள்ளவர்களிடம் ரிவரொக்ஸபான் என்ற மற்றொரு புதிய மாத்திரையை வார்ஃபரின் வகையோடு ஒப்பிட்ட 2022ஆம் ஆண்டு ஆய்வில் வார்ஃபரின் வகையே உயிர்களைக் கூடுதலாகக் காத்தது. ஆகவே அவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின் அல்லது நம் ஊரில் பரவலாக எழுதப்படும், அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோம்தான்; ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவையும் தவறாமல் பார்க்க வேண்டும். (இந்த மாத்திரை சாப்பிட்டால் கீரையே தொடக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு வாரம் முருங்கைக் கீரையாகவே சாப்பிட்டு மறு வாரம் அறவே விடுவதுதான் ஐஎன்ஆர் அளவை ஏற்றி இறக்கும். அளவாக, ஒரே சீராகச் சாப்பிடலாம்.) ஆஸ்பிரின் போதும் என்ற பழைய எண்ணமும் எடுபடவில்லை, அபிக்ஸபானோடு ஒப்பிட்டபோது பக்கவாதத்தைத் தடுப்பதில் அது வெகுவாகப் பின்தங்கியது, ரத்தக்கசிவு ஆபத்தோ ஏறத்தாழ ஒன்றுதான்.

படபடப்பை என்ன செய்வது என்ற இன்னொரு கேள்வியில் கருவிக்கு உண்மையான பங்கு உண்டு. துடிப்பின் வேகத்தை மட்டும் மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரையால் கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏஎஃப் நிலையிலேயே வாழ்வது ஒரு வழி. ஓய்வில் நிமிடத்துக்கு 110க்குள் இருந்தால் போதும், 80க்குள் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2010இல் ஒரு டச்சு ஆய்வு காட்டியது. எனவே திரையில் 95 என்று பார்த்ததும் பதற வேண்டியதில்லை. சீரான துடிப்பைத் திரும்பக் கொண்டுவர முயல்வது மற்றொரு வழி. நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் அந்த முயற்சியைத் தொடங்கினால் பலன் கூடுதல் என்பது 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வின் முடிவு. இதய அமைப்பில் குறை இல்லாதவர்களில் சிலருக்கு, படபடப்பு வந்தால் மட்டும் விழுங்க ஃப்ளெகைனைட் அல்லது ப்ரொபஃபினோன் கொடுப்பார்கள். முதல் முறை மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்துக் கொடுத்துப் பார்த்த பிறகே வீட்டில் அனுமதிப்பார்கள். அத்தகையவருக்கு, வந்திருப்பது ஏஎஃப்தானா, மாத்திரைக்குப் பின் மாறிவிட்டதா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

ஏஎஃப்பைத் தூண்டும் இதயத் திசுவைக் குழாய் செலுத்திச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கும்போதும் பதிவுகள் கைகொடுக்கும். ஏஎஃப்பைத் தூண்டும் மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வரும் சிரைகளின் வாயில்தான் பிறக்கின்றன என்று 1998இல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் கண்டறிந்ததிலிருந்து வளர்ந்த சிகிச்சை அது. அறிகுறிகள் எவ்வளவு தொல்லை தருகின்றன, மாத்திரையை மீறியும் எத்தனை முறை வருகின்றன என்பதே அங்கே முக்கியம். "அடிக்கடி வருகிறது டாக்டர்" என்று சொல்வதைவிட, தேதி நேரத்தோடு பதிவுகளை பிடிஎஃப்பாக எடுத்து, பக்கத்தில் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பேனாவால் குறித்து, அச்சுப் பிரதியாக நீட்டியபோது பேச்சே வேறு திசையில் போனது. கூட்டம் நெருக்கும் ஓபியில் கைப்பேசித் திரையை நகர்த்தி நகர்த்திப் பார்க்க மருத்துவருக்கு நேரம் இருக்காது, காகிதத்தைப் பார்ப்பார். ஒன்று மட்டும்: அப்லேஷனுக்குப் பின் முதல் சில வாரங்களில் ஏஎஃப் தலைகாட்டினால் அதைத் தோல்வியாக மருத்துவர்கள் எண்ணுவதில்லை. அந்த நாட்களில் மணிக்கொரு முறை பதிவெடுத்து மனம் நோவதில் பயனில்லை. சிகிச்சை வெற்றி பெற்றாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தொடர்வதா என்பதை மேற்சொன்ன மதிப்பெண்ணே தீர்மானிக்கும்.

ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் இது எதற்கு என்று கேட்பார்கள். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது தேவையில்லை. அதுவும் ஒற்றை லீட் பதிவுதான். ஏஎஃப்புக்காகவே ஒன்று வாங்குவதானால் கார்டியா விலை குறைவு, தினம் சார்ஜ் போடும் தொல்லையும் இல்லை. கடிகாரம் பின்னணியில் தானாகவே நாடியைக் கவனிக்கும். கார்டியாவோ நாம் எடுத்தால்தான் பேசும். படபடப்பே தெரியாமல் ஏஎஃப் உள்ளவர்களுக்கு அது ஒரு குறைதான்.

ஆறு லீட் தரும் 6எல் மாடலில் அடிப்பக்கம் மூன்றாவது தகடு உண்டு. அதை இடது முழங்காலிலோ கணுக்காலிலோ வெறும் தோலில் வைக்க வேண்டும். வேட்டி கட்டியவருக்கு எளிது, புடவையிலும் பேன்ட்டிலும் கணுக்கால்தான் வசதி. இது ப்ளூடூத்தில் இயங்குவதால் சத்தம் ஒரு பிரச்சினை இல்லை. ஏஎஃப்பா இல்லையா என்று மட்டும் பார்க்கச் சாதாரண மாடலே போதும். மருத்துவர் கேட்டாலொழிய 6எல்லுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஐசிடி கருவியோ பொருத்தியவர்களுக்கு இரண்டு மாடல்களையும் நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. வாங்கும் முன் உங்கள் கைப்பேசியில் செயலி வேலை செய்யுமா என்றும், கடை ரசீதும் உத்தரவாதமும் தருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.