சொந்தப் பல் கிளினிக்கா, பங்குக்கு ஒரு நாற்காலியா?

திருகோணமலையில் அரச மருத்துவமனைக்குப் போனால் பல்லை இலவசமாகவே பிடுங்கிக்கொள்ளலாம். ஆகவே பல் வைத்தியர் ஒருவர் தனியாரில் காசு பார்ப்பதென்றால் வேர்ச் சிகிச்சையிலும் செயற்கைப் பல்லிலும்தான். அதற்கு நோயாளி இரண்டு மூன்று முறை திரும்பி வரவேண்டும்.

தனியார் மருத்துவமனையில் மாலை வேளைகளில் பங்குக்கு, அதாவது நோயாளி கட்டும் பணத்தில் ஒரு பகுதிக்கு, அமர்ந்தால் கைமுதல் வேண்டாம். வாடகை, மின்கட்டணம், உதவியாளர் சம்பளம் எல்லாம் அவர்கள் தலையில். ஆனால் வேர்ச் சிகிச்சை பாதியில் நிற்கும்போது, மறுநாள் அந்த நாற்காலி இன்னொரு வைத்தியருக்கு!

சொந்தக் கிளினிக் என்றால் நாற்காலி, துளைகருவிக்குக் காற்றழுத்தம் தரும் கம்பிரசர், கருவிகளைக் கிருமிநீக்கும் ஓட்டோகிளேவ், எக்ஸ்ரே என்று முதல் நாளே கடன் கழுத்தை நெரிக்கும். போதாக்குறைக்குக் கடற்காற்று, உப்பு ஏறிக் கம்பிரசர் துருப்பிடிக்கும், அது நின்றால் துளைகருவியும் நிற்கும், வருமானமும் நிற்கும். ஆனாலும் நேரம் நம் கையில். 2009இல் பாலம் திறந்தபின், நீருக்கு அப்பால் இருக்கும் கிண்ணியாக்காரர்கள் படகுப்பாதைக்குக் காத்திருப்பதில்லை. பஸ் நேரம் பார்த்து வேலையை முடித்து அனுப்பினால் அடுத்த தவணைக்கும் தவறாமல் வருவார்கள்.

புதியவருக்கு நான் பங்கையே சொல்வேன். தன்னைத் தேடி வருபவர்கள் பெருகியபின் கடன் வாங்கட்டும்.