வீராவில் 0.9 பார்: நான்கு ஆண்டு ஓட்டிய கதை

என் புரோட்டோன் வீராவில் இருப்பது மிட்சுபிஷி லேன்சர் ஜிஎஸ்ஆரிலிருந்து எடுத்த 4ஜி93 டர்போ எஞ்சின். 1.8 லிட்டர், புதிதாக வந்த காலத்தில் 195 குதிரைத்திறன். பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கி மாற்றி, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிந்து, காரின் பதிவுச் சான்றான கிராண்டிலும் எஞ்சின் எண் ஏறிவிட்டது. இதை முடிக்காதவர்கள் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம், பார் கணக்கில்) பேச்சை எடுக்கவே வேண்டாம். ஏதாவது மோதல் என்றால் காப்புறுதிக்காரன் கையை விரித்துவிடுவான்.

கோலாலம்பூர் செந்தூலில் கார் பழுதுபார்க்கும் ஃபோர்மேனிடம் போய், "ஒரு பார் வச்சிடுங்கண்ணே" என்றேன். அவர் பூஸ்ட்டைத் தொடவே இல்லை. நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்த்தார். பெட்ரோல் பம்பை மாற்றினார். ஒரு படி குளிர்ந்த பிளக் போட்டு இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்தார். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரும் மாட்டினார். இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் போயிற்று, பூஸ்ட் மட்டும் பழைய அதே 0.6 பார்! வயிறு எரிந்தது.

அடுத்த மாதம்தான் 0.75. மூன்று வாரம் ஓட்டி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்த பிறகு 0.9. முழு ஆக்சிலரேட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 பக்கம் நின்றால் நிம்மதி. அது 12.5ஐத் தாண்டி ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், காலை எடுத்துவிடுவேன். பெட்ரோல் ரோன்97 மட்டும். ஒருமுறை அவசரத்துக்கு 95 ஊற்றிக்கொண்டு காராக் மேட்டில் மிதித்தேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போல ஒரு சத்தம். அதுதான் நாக்கிங், எஞ்சினுக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. அன்று கெந்திங்குக்குப் போகாமல் பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

நம் ஊர் வெயில் இன்னொரு தலைவலி. ஜாலான் ஈப்போ நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் இன்டேக் காற்று 60 டிகிரியைத் தொடும். உடனே மிதித்தால் அதே 0.9 ஆபத்தாகிவிடும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரியதாகப் போட்டதால் பூஸ்ட் ஏறவில்லை, ஆனால் கார் ஓடத் தொடங்கியதும் சூடு சீக்கிரம் இறங்குகிறது. போட்ட பணத்தில் உருப்படியானது அதுதான்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் முள் 0.9இல் நிற்காமல் 1.2க்குப் பாய்ந்தது. அடுத்த நொடி ஃபியூல் கட், எஞ்சினுக்குப் பெட்ரோல் தானாக நின்றுவிட்டது. யாரோ பின்னாலிருந்து காரைப் பிடித்து இழுத்தது போலிருந்தது. பானெட்டைத் திறந்தால், பூஸ்ட் அளவை மீறாமல் திறந்துவிடும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் டியூப் சூட்டில் காய்ந்து, நுனி பிளந்து கழன்று கிடந்தது. டியூப் இல்லையென்றால் வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தம் தெரியாது, திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். நல்லவேளை, ஃபியூல் கட் வேலை செய்யவிடாமல் தடுக்கும் கருவி எதையும் நான் மாட்டியிருக்கவில்லை. சில வெள்ளி சிலிக்கோன் டியூப், இரண்டு கிளிப். வேலை முடிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு 5,000 கிலோமீட்டர் எண்ணெய் மாற்றத்திலும் அந்த டியூபை விரலால் அழுத்திப் பார்க்கிறேன்.

எஞ்சின் இன்னும் திறக்காமல் ஓடுகிறது. கிளட்ச்தான் மூன்றாவது கியரில் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. 0.6இல் இருந்தவரை அதற்கு ஒரு குறையும் இருந்ததில்லை.