அணு நிறை மதிப்பீடு 2020: ‘#’ குறியைப் பார்த்த பிறகே எண்ணைத் தொடுங்கள்

நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்களின் ஷெல் அமைப்பை (நியூட்ரான்களும் புரோட்டான்களும் அடுக்கடுக்காக நிரம்பும் விதத்தை) ஆராய்பவர்கள் முதலில் திறக்கும் அணு நிறை அட்டவணை இதுதான். இலவசம், வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் தளத்திலும் கிடைக்கிறது. உள்ளடக்கத்தில் இதற்குப் போட்டியில்லை. கோப்பு வடிவம்தான் ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியின் காலத்திலேயே நின்றுவிட்டது.

நிறைக் கோப்பை இடைவெளி வைத்துப் பிரித்துப் படித்தால் நெடுவரிசைகள் நகர்ந்துவிடும். சில வரிகளில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அணு நிறையே இரண்டு துண்டாக அச்சாகியிருக்கும். எழுத்து இடங்களை எண்ணி, நிலையான அகலத்தில் படிப்பதே வழி. தசமப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ‘#’ இருந்தால் அந்த எண் முழுக்க அளவீட்டிலிருந்து வந்ததல்ல, அக்கம்பக்கத்துப் போக்கை நீட்டிப் பெற்ற மதிப்பீடு. பலர் அதைப் புள்ளியாக மாற்றிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். தனி நெடுவரிசையில் குறித்துவைத்த பிறகு மாற்றுங்கள். இல்லையென்றால், சீராகப் போகும்படி மதிப்பிட்ட எண்களை வைத்தே ‘இங்கே ஷெல் இல்லை’ என்று முடிவுகட்ட நேரும்.

கருவிலிருந்து இரண்டு நியூட்ரான்களைப் பிரித்தெடுக்கத் தேவையான இரு நியூட்ரான் பிரிப்பு ஆற்றலுக்கு, இரண்டு நியூட்ரான் குறைந்த ஐசோடோப்பின் நிறை மிகையிலிருந்து (அணு நிறைக்கும் நிறை எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, ஆற்றல் அலகில்) கருவின் நிறை மிகையைக் கழித்து 16142.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கூட்டினால் போதும். கால்சியம்-52க்கு சுமார் 10.8 மெகா எலக்ட்ரான் வோல்ட், கால்சியம்-54க்கு சுமார் 7 வரும். ஏறத்தாழ 4 மெகா எலக்ட்ரான் வோல்ட் சரிவு: நியூட்ரான் எண் 32இல் ஷெல் மூடுவதன் தடயம். கால்சியம்-53, 54 நிறைகளை ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்னின் ஐசோல்ட்ராப் குழு பறப்பு நேர நிறைமானியால் அளந்து 2013இல் வெளியிட்டது. மதிப்பு இவ்வளவு எளிதாகக் கிடைத்தாலும், பிழை வரம்பை நீங்களே வர்க்கக் கூட்டலில் போடாதீர்கள். நிறைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அட்டவணையோடு வரும் வினை ஆற்றல் கோப்புகளில் அந்தத் தொடர்பு கணக்கில் சேர்ந்தே இருக்கிறது.

இவை நடுநிலை அணுவின் நிறைகள். அயனிகளை மின், காந்தப் புலங்களால் பிடித்துவைக்கும் பென்னிங் பொறியில் அளந்த ஒற்றை மின்னூட்ட அயனியோடு ஒப்பிடும்போது எலக்ட்ரானை மறந்தால் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பிசகும். ஒரே தனிமத்துக்குள் கழித்தால் அது தானே அடிபட்டுப்போகும் என்பதால் தவறு வெளியே தெரியாது.

‘#’ இல்லாத எண்ணும் கல்வெட்டு அல்ல. 2008இல் ஐசோல்ட்ராப் அளந்தபோது வெள்ளீயம்-134இன் பிணைப்பாற்றல் ஏற்றுக்கொண்டிருந்த மதிப்பிலிருந்து 0.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் விலகியது. மங்கியதாகக் கருதப்பட்ட, நியூட்ரான் எண் 82இன் ஷெல் இடைவெளி திரும்பி வந்தது. 2012இல் கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகத்தில் அளந்தபோது கால்சியம்-52 பழைய மதிப்பிலிருந்து 1.74 மெகா எலக்ட்ரான் வோல்ட் விலகியது. பீட்டாச் சிதைவிலிருந்து மட்டும் பெற்ற நிறை என்றால் கூடுதல் சந்தேகம் தேவை. சேய்க்கருவின் உயர் ஆற்றல் மட்டங்களுக்குப் போகும் சிதைவு கண்ணில் படாவிட்டால் சிதைவு ஆற்றல் குறைவாகத் தெரியும், தாய்க்கரு உள்ளதைவிட இறுக்கமாகப் பிணைந்ததுபோல் காட்டும்.

கிளர்நிலை ஐசோமர்கள் (கூடுதல் ஆற்றலோடு சிறிது காலம் நிலைத்திருக்கும் கருக்கள்) இந்த அட்டவணையில் இல்லை. அதற்குத் துணை வெளியீடான நூபேஸ் 2020ஐப் பாருங்கள். 2020க்குப் பின் வந்த அளவீடுகளை மூலக் கட்டுரைகளிலிருந்து நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.