தண்டையார்பேட்டை மொட்டை மாடிக்கு டூயல் பேண்ட் ஃபில்டர் வாங்கலாமா?

டெலஸ்கோப்பில் கேமரா மாட்டி நெபுலாவை (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) படம் எடுக்க என்றால் தாராளமாக வாங்கலாம், ஆண்ட்ரோமெடா மாதிரி கேலக்ஸிக்கு என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் மணலி, கீழே தெருவெல்லாம் எல்ஈடி, நம்ம வானம் கறுப்பாக இருந்து யார் பார்த்தது?

இந்த ஃபில்டர் ஆக்ஸிஜனின் 500.7, ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் 656.3 நானோமீட்டர் ஒளியை மட்டும், தலா 7 நானோமீட்டர் அகலத்துக்கு உள்ளே விடுகிறது, மற்றதெல்லாம் வாசலோடு சரி. பிளானட்டரி நெபுலா என்பது சாகப்போகும் நட்சத்திரம் உதறித் தள்ளிய வாயு; நடுவில் மிஞ்சிய சூடான மையத்தின் புற ஊதாக் கதிர் பட்டு அது ஒளிர்வதே முக்கியமாக இந்த நிறங்களில்தான் என்பதால், தெருவிளக்கு வெளிச்சம் அடிபட்டுப் போகும், நெபுலா தப்பித்துவிடும். கேலக்ஸி ஒளி எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பது, அதையும் சேர்த்தே வெட்டிவிடும்.

நான் எடுத்தது 80 மிமீ ரெஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), கலர் கேமரா, 3 நிமிட எக்ஸ்போஷர்களில். எம்27 டம்பெல் என்ற பிளானட்டரி நெபுலாவின் படங்களை ஸ்டாக் செய்து (ஒன்றாகச் சேர்த்து) ஸ்ட்ரெச் பண்ணினால் (மங்கலானதைத் தூக்கிக் காட்டினால்) இரண்டு பக்கமும் கடித்த கொய்யாப்பழம் மாதிரி நிற்கிறது, உள்ளே பச்சை கலந்த நீலம், ஓரத்தில் மெல்லிய சிவப்பு, நடு நட்சத்திரம் ஒரு புள்ளியாக. ஃபில்டர் இல்லாமல் எடுத்ததில் அந்தச் சிவப்பு ஓரமே கிடையாது. எம்57 வளைய நெபுலா வேறு கதை, 1.4 ஆர்க்மினிட்தான் அகலம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க்மினிட்), இந்தச் சின்ன டெலஸ்கோப்பில் குட்டிப் பொட்டாகத்தான் வரும், அதற்கு ஃபில்டர் என்ன செய்யும்?

குறை இல்லாமல் இல்லை. பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் விழுகிறது, எடிட்டிங்கில் அதை அழிப்பது பெரிய இம்சை. திரை இருட்டாகிவிடுவதால் ஃபோகஸ் பண்ண பாஹ்டினோவ் மாஸ்க் (டெலஸ்கோப் வாயில் மாட்டும் கோடு கோடான மூடி) கட்டாயம் வேண்டும், அதுவும் ஃபில்டரை மாட்டிய பிறகு. நிலா இருந்தால் சிவப்பு சமாளிக்கும், ஆக்ஸிஜன் பக்கம் சொதப்பும்.

எம்27 சென்னையில் கிட்டத்தட்ட உச்சிக்கே வருவது நமக்கு வசதி, ஆனால் அக்டோபர் மாலைகளில் அது தலைக்கு மேலே இருக்கும்போது இங்கே மழை தொடங்கிவிடும். ஏப்ரல், மே பின்னிரவுகள் பரவாயில்லை, தூக்கம்தான் போகும். அப்புறம் கடற்காற்று: டியூ ஹீட்டர் (லென்ஸைச் சூடாக வைக்கும் பட்டை) இல்லையென்றால் லென்ஸ் வியர்த்துவிடும், எடுத்து முடித்ததும் ஃபில்டரைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டுவிடுங்கள். 1.25 இன்ச் ஃபில்டர் விலை குறைவுதான், இருந்தாலும் பெரிய சென்சார் கேமராவுக்கு மாறும் எண்ணம் இருந்தால் 2 இன்ச்சாகவே வாங்குங்கள்.