ரிவி கேம் பெட்டிக்கு எந்தக் கசெற்: வாங்குவதா, நாமே பற்றவைத்துச் செய்வதா?

யாழ்ப்பாணத்தில் பழைய ரிவி கேம் பெட்டியைத் தூசு தட்டி எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, எல்லாக் கேமும் ஓடுகிற ஒரே கசெற் கிடைக்குமா என்றுதான். கிடைக்கும். ஆனால் எங்கள் வீட்டுப் பரண்களில் கிடப்பது பெரும்பாலும் நின்ரெண்டோவின் அசல் பெட்டி இல்லை. 1983இல் ஜப்பானில் வந்த ஃபமிகொம்மைப் பார்த்துச் செய்த நகல், 60 பின் (தொடுமுனை) உள்ள கசெற் போடுகிற ரகம். அதனால் கசெற்றுக்கு விலை கேட்பதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்து ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள்.

உள்ளே யுஏ6527பி, யுஏ6538 என்று எழுதிய, ஆளுக்கு 40 கால் வைத்த இரண்டு நீளச் சிப் இருந்தால் அதிர்ஷ்டம். அதைத் திருத்தலாம், ஏவி வயர் இழுக்கலாம், கசெற் விஷயத்திலும் பெரிதாக அடம் பிடிக்காது. அதற்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று உறைந்து கிடந்தால் முழுப் பெட்டியும் அந்தச் சொட்டுக்குள்தான். எளிய கேம் ஓடும். ஆனால் அதை நம்பி விலை கூடிய கசெற்றில் காசைப் போடாதீர்கள்.

விலை கூடியது என்று நான் சொல்வது எவர்ட்ரைவ் என்8 புரோ மாதிரியானதை. எஸ்டி காட்டில் கேம் கோப்புகளை நிரப்பிச் செருகினால் திரையில் பட்டியல் வரும், தெரிவு செய்து விளையாடலாம். உள்ளே இருக்கும், வேண்டிய சுற்றாக மாறக்கூடிய எஃப்பிஜிஏ சிப், அந்தந்தக் கேமின் அசல் கசெற்றுக்குள் இருந்த சுற்று மாதிரியே நடிக்கும். நின்ற இடத்தில் சேமித்து வைக்கிற வசதியும் உண்டு. விலை 100 டொலருக்கு மேல், தபாலும் சுங்கமும் தனி. ஃபமிகொம்முக்கான 60 பின் வகை, அமெரிக்க நெஸ் பெட்டிக்கான 72 பின் வகை என்று இரண்டு விற்கிறார்கள். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடும்போது இதை அழுத்திச் சொல்லுங்கள். அங்குள்ளவர்களுக்குப் பழக்கமானது 72 பின்தான்.

விளையாட மட்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சொந்தமாகக் கேம் எழுதுகிறவர் கசெற்றுக்குள் இருக்கும் உண்மையான போர்ட்டிலும் (சுற்றுப்பலகையிலும்) சோதித்துப் பார்க்க வேண்டும். யுஎன்ரொம் என்ற வகைப் போர்ட்டில், கேம் எழுதியிருக்கும் ரொம் சிப்பின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற, அந்த ரொம் இருக்கும் முகவரிக்கே ஓர் எண்ணை எழுத வேண்டும். நீங்கள் எழுதுகிற அதே கணத்தில் ரொம் சிப்பும் தன்னிடம் உள்ள எண்ணை அதே கம்பிகளில் அனுப்பும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் மோதல்தான். அதே எண் ஏற்கெனவே இருக்கிற இடத்தில்தான் எழுத வேண்டும், அதற்கென்று ஒரு சின்ன அட்டவணை வைப்பது வழக்கம். பெட்டி மாதிரியே நடிக்கிற, கணினியில் ஓடும் எமுலேற்றர் மென்பொருள்கள் பல இதைக் கவனிப்பதே இல்லை. அங்கே வழுக்கிக்கொண்டு ஓடிய கேம், உண்மையான போர்ட்டில் வெறும் சாம்பல் திரையைக் காட்டும். பெட்டியைப் போட்டவுடன் நினைவகம் பூச்சியமாக இருக்கும் என்று நம்பி எழுதிய கேமுக்கும் அதே கதிதான்.

சரி, பற்றவைக்கிற (சொல்டர் பண்ணுகிற) பக்கத்துக்கு வருவோம். கேமை எழுதி வைக்கும் சிப்புக்கு இங்கும் இரண்டு வழி. ஒன்று பழைய 27சி010 மாதிரி, கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ரொம். அழிக்க 254 நனோமீற்றர் புறஊதா விளக்கின் கீழ் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். விளக்கு இல்லாவிட்டால் நேர் வெயிலில் ஒரு வாரம் என்று தயாரிப்பாளர் ஏடுகளே சொல்கின்றன. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லைதான், ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வாரம் காத்திருக்க யாரால் முடியும்? மற்றது எஸ்எஸ்ரி 39எஸ்எஃப்010 என்ற ஃபிளாஷ் சிப். 5 வோல்ற்றில் வேலை செய்யும், கண் சிமிட்டுவதற்குள் அழியும், ரிஎல்866 மாதிரி, சிப்பில் எழுதுகிற ஒரு கருவியை யுஎஸ்பியில் கொழுவினால் போதும். 27சி010 இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். 31ஆவது காலை மட்டும் 5 வோல்ற்றோடு சேர்த்துவிட வேண்டும். அது எழுதும் கால், அந்தரத்தில் விட்டால் சிப்பில் இருப்பது குழம்பலாம். பெரிய 39எஸ்எஃப்040 வாங்கினால் கதை மாறும். 27சி040இல் 31ஆவது காலில் இருக்கும் ஏ18 என்ற முகவரிக் கம்பி இதில் 1ஆவது காலில் இருக்கிறது, போர்ட்டில் வயர் மாற்றிக் கட்ட வேண்டும். என் கட்சி ஃபிளாஷ்தான். ஈப்ரொம் ஜன்னலுக்குள் தெரிகிற சிலிக்கன் துண்டு அழகு, அதற்காக ஒன்று வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

சிப்பைவிடப் போர்ட்டைத் தெரிவு செய்வதில்தான் தமிழில் கேம் செய்கிறவருக்கு யோசனை வேண்டும். மிக எளிய என்ரொம் போர்ட்டில் நிரலுக்கு 32 கிலோபைற், படத்துக்கு 8 கிலோபைற். பின்னணிக்கு ஒரு நேரத்தில் கிடைப்பது 8க்கு 8 புள்ளிக் கட்டங்கள் 256. தமிழைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ா, ெ, ே, ை நான்கையும் தனிக் கட்டமாக வைத்துவிடலாம். புள்ளி, ி, ீ, ு, ூ ஐந்தும் எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் 18 மெய்க்கும் தனித்தனி வடிவம் வேண்டும், அது 90. அகரமேறிய மெய் 18, உயிர் 12, ஆய்தம் 1. எல்லாம் சேர்த்து 125 வடிவம். புள்ளிக்கும் கொம்புக்கும் இடம் விட்டு ஒவ்வொன்றையும் இரண்டு கட்ட உயரத்தில் வரைந்தால் 250. மிஞ்சுவது ஆறு கட்டம், அதற்குள் பனை மரம் எங்கே, வீடு எங்கே? அதோடு 8 புள்ளி அகலத்துக்குள் ‘ண’வின் சுழிகளை அடக்கிப் பார்த்தவருக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

ஆகவே தமிழ் வசனம் வருகிற கேமுக்கு என்ரொம் சரிவராது. யுஎன்ரொம்மில் படத்துக்கு ரொம்முக்குப் பதிலாக 8 கிலோபைற் ராம் இருக்கிறது. எழுத்தெல்லாம் 128 கிலோபைற் ரொம்மில் தூங்கும், அந்தத் திரைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து ராமில் போடலாம். கூடுதலாக வேண்டியது 74எச்சி161, 74எச்சி32 என்ற சில்லறைச் சிப் இரண்டு, 6264 ராம் ஒன்று. சேமிக்கிற வசதியும் வேண்டுமென்றால் யுஎன்ரொம்-512. ஃபிளாஷ் சிப்பிலேயே தன் கணக்கை எழுதிக்கொள்ளும், பழைய கசெற் மாதிரி உள்ளே பற்றரி வைத்து அது செத்துப்போகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பழைய கசெற்றைக் கிழித்துப் போர்ட் எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கு கிடைக்கும் பல கேம் கசெற்றுகளுக்குள்ளும் அதே பிசின் சொட்டுத்தான். கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டைச் சீனாவில் அச்சடிக்கக் கொடுக்கும்போது தடிப்பு 1.2 மில்லிமீற்றர் என்று குறியுங்கள். வழமையான 1.6 போட்டால் பெட்டியின் பற்கள் விரிந்து, அதற்குப் பிறகு மற்றக் கசெற்றுகள் ஆடும். விளிம்பைச் சாய்வாகச் சீவவும், தொடுவிரல்களுக்குத் தங்கமுலாம் பூசவும் சொல்லுங்கள். ஈயம் பூசியது மலிவுதான், ஆனால் கடற்காற்று அடிக்கிற ஊரில் அது சீக்கிரம் மங்கும். சோதிக்கிற காலத்தில் சிப்பைச் சொக்கற்றில் வையுங்கள், கூடு போடாமலே ஓடவிடுங்கள். சொக்கற்றோடு கூட்டை மூடப் பார்த்தால் அநேகமாக மூடாது. கடைசியில்தான் நேரடியாகப் பற்றவைப்பு. சொக்கற், 74 வரிசைச் சிப் எல்லாம் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். ஃபிளாஷ் சிப்பை ஒன்லைனில் எடுப்பதே நிம்மதி.

எந்தக் கசெற்றாலும் தீராத விஷயம் ஒன்றும் உண்டு. எங்கள் பெட்டிகள் 50 ஹேர்ட்ஸில் ஓடுகின்றன, ஜப்பான், அமெரிக்கக் கேம்கள் 60க்கு எழுதியவை. எவர்ட்ரைவில் போட்டாலும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் நகரும். சொந்தக் கேமில் வேகத்தை 50க்கு என்றே எழுதிக்கொள்ளலாம்.

ரிவிப் பெட்டியே இல்லாதவர் வெளிநாட்டிலிருந்து வந்த, கையில் வைத்து விளையாடுகிற ஒரு கேம் போயோடு தொடங்கலாம். நாலு சின்னப் பற்றரி போதும், கரண்ட் போனாலும் கவலையில்லை. நிரல் எழுதத் தெரியாதவருக்கு ஜிபி ஸ்ரூடியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கேம் போய்க்கும் எஸ்டி காட் வகைக் கசெற், ஒரே கேமைத் திரும்பத் திரும்ப எழுதுகிற வகை இரண்டும் கிடைக்கின்றன. சொந்தப் போர்ட்தான் என்றால் தடிப்பு 0.8 மில்லிமீற்றர். ஃபமிகொம் அளவிலேயே சேர்த்து ஓடர் பண்ணிவிடாதீர்கள்.